மாவுக்கட்டி மாத்திரையாகத் தெரிந்தது எப்படி?

அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவர் நடத்திவந்த உணவகத்துக்கு 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 26 ஆம் திகதி இரவு உணவருந்த வந்த சிலர், தமக்குப் பரிமாறப்பட்ட கறியில் சிறு கட்டி போன்ற ஏதோவொன்று கிடப்பதைக் கண்டனர். சிங்கள மக்களின் இனப்பெருக்கத்தைத் தடுப்பதற்காகக் கலக்கப்பட்ட கருத்தடை மாத்திரையே அது என்று அவர்கள் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டனர். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்து நின்று, மருந்து கலந்தாயா என அதட்டியபோது அவர் தடுமாறி உதிர்த்த சொற்கள் கைத்தொலைபேசியில் ஒளிப்பதிவு செய்யப்பட்டு, ஒப்புதல் வாக்குமூலமாக நாடெங்கும் பரப்பப்பட்டன. அன்றிரவே கடை தாக்கப்பட்டது. நகரின் பள்ளிவாசலும் சேதமாக்கப்பட்டது.

அந்தக் கட்டி வெறும் மாவு என்பதை அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பின்னர் உறுதிப்படுத்தியது. உண்பவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை என்று வைத்தியத்துறையினர் எடுத்துரைத்தனர். ஆனால் அதற்குள் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகள் எரிந்துகொண்டிருந்தன. வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதியின் மரணத்தை அடுத்து மூண்ட அந்த வன்முறைக்கு, மாத்திரைக் கதையும் எண்ணெய் வார்த்தது என்பதை மறுப்பதற்கில்லை. மார்ச் 6 ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது.

இத்தகைய சம்பவங்களின் பின்னணியில் இனவாத அமைப்புகளின் சூழ்ச்சியும் அரசியல் கணக்குகளும் இருப்பதை நாம் பலமுறை பேசியிருக்கின்றோம். அவை இருந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் சூழ்ச்சி செய்பவர்கள் எப்போதும் சிலரே. அந்தக் கதையை நம்பிய பல்லாயிரம் பேர், அவர்களில் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் தாதியரும் அடங்குவர், ஏன் நம்பினார்கள் என்ற கேள்விக்குச் சூழ்ச்சி மட்டும் விடையாகாது. மனித மூளை இயங்கும் விதத்தையும் சற்று நோக்க வேண்டியுள்ளது.

பிரித்தானிய உளவியலாளர் பீட்டர் வேசன் 1960 இல் வெளியிட்ட பரிசோதனையொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்கு அமைந்தவை. அந்த விதி என்னவென்று கண்டுபிடியுங்கள் என்று அவர் 29 பேரிடம் கூறினார். அவர்கள் தாமும் மும்மூன்று எண்களாக முன்வைக்கலாம். அவை விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று அவர் சொல்வார். பெரும்பாலானோர் இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று ஊகித்துக்கொண்டு 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் அடுக்கிச் சென்றனர். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' என்ற பதில் கிடைக்கவே அவர்களது நம்பிக்கை உறுதியாயிற்று. உண்மையான விதியோ, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 3 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தமது ஊகம் பிழையென்று தெரிந்திருக்கும். முதலில் தவறான முடிவெதனையும் கூறாமல் சரியான விதியைக் கண்டவர்கள் அந்த 29 பேரில் 6 பேர் மட்டுமே.

தமது ஊகத்தைப் பொய்யாக்கக்கூடிய கேள்வியைக் கேட்க மனித மனம் விரும்புவதில்லை என்பதே இதன் சாரம். அம்பாறைக் கடையில் நடந்ததும் இதுவேயாகும். கடைக்காரரிடம் கேட்கப்பட்டது 'ஆம்' என்ற விடைக்காகவே கேட்கப்பட்ட கேள்வி. அவர் இல்லையென்று சொல்லியிருந்தால் பொய் சொல்கிறான் என்றிருப்பார்கள். மௌனம் காத்திருந்தால் மறைக்கிறான் என்றிருப்பார்கள். அது உண்மையில் மாவா மாத்திரையா என்று பரிசோதித்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. அங்கு நின்றவர்கள் மூடர்கள் என்று நாம் கருதவில்லை. வேசனிடம் தோற்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்.

அறிவு இத்தகைய தடுமாற்றத்திலிருந்து காப்பாற்றும் என்று நாம் இலகுவாக எண்ணிவிடுகின்றோம். ஜேர்மனியரான முல்லர் லையர் 1889 இல் வரைந்து காட்டிய இரு கோடுகள் இந்த எண்ணத்துக்கு நல்லதொரு மறுப்பாகும். சம நீளமுள்ள இரு கோடுகளில் ஒன்றின் முனைகளில் உள்நோக்கி மடியும் அம்புக் குறிகளும் மற்றையதில் வெளிநோக்கி விரியும் குறிகளும் இடப்பட்டால், இரண்டாவது கோடு நீளமானதாகத் தெரியும். அடிமட்டம் வைத்து அளந்து, இரண்டும் சமமே என்று அறிந்த பின்னரும் அது நீளமானதாகவே தெரியும் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. அறிந்தவுடன் கண் திருந்திவிடுவதில்லை. அடிமட்டத்தை நம்புவதா கண்ணை நம்புவதா என்று தீர்மானிக்க மட்டுமே நம்மால் முடியும். மனிதரின் தீர்மானங்களில் நேரும் ஒழுங்கான தவறுகளை அமொஸ் ட்வெர்ஸ்கியுடன் இணைந்து ஆராய்ந்து, 2002 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற டேனியல் கானமன், எண்ணங்களிலும் இத்தகைய மாயத் தோற்றங்கள் உண்டென்றும் அவற்றைத் தெரிந்துகொள்வதால் மட்டும் அவை அகல்வதில்லை என்றும் தமது வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி வந்தார்.

திரும்பத் திரும்பக் கேட்பது இன்னொரு பொறி. 1977 இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர், மாணவர்களிடம் பல கூற்றுகளை இரு வார இடைவெளிகளில் மூன்று தடவைகள் காட்டி, எவை உண்மையாக இருக்கக்கூடும் என மதிப்பிடச் செய்தனர். மீண்டும் மீண்டும் காட்டப்பட்ட கூற்றுகள், உண்மையாயினும் பொய்யாயினும், தடவைக்குத் தடவை கூடுதலாக நம்பப்பட்டன. பழக்கமான சொல்லை மூளை இலகுவாக உள்வாங்குகிறது; அந்த இலகுவை உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. வதந்தியை மறுக்கப் புகுந்து அதனையே தலைப்பில் பெரிதாக அச்சிடும் பத்திரிகைகள் இதனைச் சிந்திப்பதில்லை.

வதந்திகளின் வரலாறு நம் நாட்டில் முகநூலுடன் தொடங்கியதும் அல்ல. 1958 மே மாதக் கலவரத்தில், மட்டக்களப்பில் கற்பித்த பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவரின் மார்பகங்களைத் தமிழர்கள் அறுத்துவிட்டனர் என்ற கதை பரவியது. பாணந்துறைக் கந்தசுவாமி கோயிலின் அர்ச்சகர் உயிருடன் எரிக்கப்பட்டார். அப்படியோர் ஆசிரியை இருக்கவேயில்லை என்பது பிற்பாடு தெரியவந்தது. 1983 ஜூலை 29 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டனர் என்ற ஒரு சொல், தணியத் தொடங்கியிருந்த கொலைகளை மீண்டும் மூட்டிவிட்டது. பொருள் மாறியிருக்கிறது, சாதனம் மாறியிருக்கிறது. நம்புகின்ற மூளை மாறவில்லை.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் 2019 மே மாதத்தில் சிங்கள நாளேடொன்றின் முதற்பக்கத்தில் வெளியான செய்தி இவை யாவற்றுக்கும் சிகரமாக அமைந்தது. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்குச் சத்திரசிகிச்சையின்போது இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்பது அதன் சாராம்சம். மறுநாள் குருநாகலில் வைத்தியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். தொடர்ந்து நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தனர். அவர்களில் பலர் மீண்டும் கருத்தரிக்க முடியாமல் துயருற்றவர்கள். அந்தத் துயரம் உண்மையானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் எந்த வைத்தியரிடம் சென்ற ஆயிரக்கணக்கான பெண்களை எடுத்துக்கொண்டாலும், அவர்களுள் ஒரு பகுதியினர் பின்னர் கருத்தரிக்கச் சிரமப்படுவர். ஆகவே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இவரிடம் சென்றவர்களுள் அவ்வாறானோர் எத்தனை பேர் என்பது மட்டுமன்று. அதே வைத்தியசாலையில் ஏனைய வைத்தியர்களிடம் சென்றவர்களுள் எத்தனை பேர் என்பதையும், இவரிடம் சென்று பின்னர் பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்டிருக்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய்மார் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று வரிசையில் நிற்கப்போவதில்லை. வரிசையில் நின்றவர்களை மட்டும் எண்ணினால் எந்த வைத்தியரும் குற்றவாளியாகிவிடுவார்.

குற்றச்சாட்டுக்குச் சான்று இல்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அவ்வருடம் ஜூலையில் வைத்தியர் பிணையில் வந்தார். பின்னர் அரச சேவையிலும் மீள இணைக்கப்பட்டார். இருந்தும் அவருடைய பெயரைச் சொன்னவுடன் பலரது நினைவில் எழுவது நாலாயிரம் என்ற அந்த எண்தான்.

சிறுபான்மையினர் மீது மட்டும் இத்தகைய கதைகள் இத்தனை இலகுவில் ஒட்டிக்கொள்வது ஏன்? ஹமில்டன், கிஃபர்ட் என்ற இரு அமெரிக்கர்கள் 1976 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. 'ஏ' என்ற கூட்டத்தினரைப் பற்றி 26 செய்திகளையும் 'பி' என்ற சிறிய கூட்டத்தினரைப் பற்றி 13 செய்திகளையும் அவர்கள் வாசிக்கக் கொடுத்தனர். முதற் கூட்டத்தில் நற்செயல்கள் 18, தீயசெயல்கள் 8. இரண்டாவதில் 9, 4. விகிதம் ஒன்றே. ஆனால் வாசித்தவர்கள், சிறிய கூட்டத்தினரே கூடுதலாகத் தீமை செய்பவர்கள் என்று கருதினர். அரிதான கூட்டமும் அரிதான செயலும் ஒன்றாக வரும்போது அந்தச் சேர்க்கை மனதில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. பெரும்பான்மை இனத்தவர் திருடினால் 'ஒருவர் கைது' என்றும், ஏனையவர் திருடினால் 'தமிழ் இளைஞர் கைது', 'முஸ்லிம் வர்த்தகர் கைது' என்றும் எழுதப்படும்போது, பத்திரிகை இந்தப் பரிசோதனையை நாள்தோறும் நாடளாவிய ரீதியில் நடத்துகிறது எனலாம்.

இந்த மனச்சாய்வுகள் பெரும்பான்மையினருக்கே உரியவை என்று தமிழரும் முஸ்லிம்களும் ஆறுதலடைய இடமில்லை. எது எளிதில் நினைவுக்கு வருகிறதோ அதுவே அடிக்கடி நடப்பதாகவும் பெரிதாகவும் தோன்றும் என்று ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973 இல் எழுதினர். 1990 ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிக் கிழக்கில் கேட்டுப் பாருங்கள். காத்தான்குடியில் தொழுகையில் கொல்லப்பட்டவர்களைப் பற்றி ஓர் ஊர் சொல்லும். வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்தபோது கொல்லப்பட்டவர்களைப் பற்றி இன்னோர் ஊர் சொல்லும். இரண்டு சம்பவங்களுக்கும் இடையே ஒன்பது நாட்களே கழிந்தன. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் மனிதரைக் காண்பது அரிது. ஒவ்வொரு சமூகமும் தன் மரணங்களை மறக்காமலிருப்பது இயல்பானதே. மற்றவருடைய மரணங்கள் நினைவுக்கு வராததால் அவை நிகழவேயில்லை என்று மூளை கணக்கெழுதிவிடுவதுதான் விபரீதம். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோதும் சிலர் மீதான சந்தேகமே ஒரு சமூகம் முழுவதன் மீதான தீர்ப்பாக்கப்பட்டது.

நிபுணர்கள் என்போரும் விலக்கல்லர். கொவிட் தொற்றால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் அல்லது தகனம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 2020 மார்ச்சிலேயே கூறியிருந்தது. நிலத்தடி நீர் மாசடையும் என்ற அச்சத்தைச் சில நிபுணர்கள் முன்வைக்க, 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. சான்று கேட்கப்பட்டபோதெல்லாம் அச்சமே சான்றாகக் காட்டப்பட்டது. பிறந்து 20 நாட்களேயான பச்சிளங் குழந்தையின் ஜனாஸாவும் அவ்வாண்டு டிசம்பரில் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

கண்ணைத் திருத்த முடியாதென்றால் அடிமட்டத்தை அருகில் வைத்திருப்பதே வழியாகும். அம்பாறை ஒளிப்பதிவு சில மணித்தியாலங்களில் நாட்டைச் சுற்றி வந்தது. பகுப்பாய்வாளரின் அறிக்கை வருவதற்கோ நாட்கள் சென்றன. இனங்களுக்கிடையில் தீ மூட்டக்கூடிய முறைப்பாடு ஒன்று எழுந்தவுடன் மாதிரியை அன்றிரவே பரிசோதித்து, மாவட்ட சுகாதார அதிகாரிகளும் பொலிஸாரும் கூட்டாக மும்மொழியிலும் முடிவை அறிவிக்கும் ஏற்பாடு ஒவ்வொரு மாவட்டத்திலும் அவசியம். சந்தேகநபரின் இனம் செய்திக்குத் தேவையானாலன்றி அதனைக் குறிப்பிடுவதில்லை என்றும், குற்றச்சாட்டு வெளியான அதே பக்கத்தில் அதே அளவில் அதன் முடிவையும் வெளியிடுவதென்றும் மும்மொழிப் பத்திரிகைகளின் ஆசிரியர்கள் தமக்குள் உடன்பட முடியும். இதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு உதவியோ தேவையில்லை.