எம்டன்னா யாருவே?

நாகர்கோவிலில் ஏதாவது ஒரு ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா காதைக் கொடுத்து நில்லுங்கள். ‘எங்க மேனேஜர் சரியான எம்டன்ல்லா! லீவு கேக்க முன்னாலயே காரணத்த அவரே சொல்லிருவாரு’ என்று ஒரு குரல் நிச்சயம் கேட்கும். கண்டிப்பான அப்பா எம்டன். கள்ளக் கணக்கை மோப்பம் பிடிக்கும் ஆடிட்டர் எம்டன். வட்டிக்குக் கொடுத்தவர் எம்டனிலும் பெரிய எம்டன். எமனுக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பவர்கள் பாதிப் பேர்.

சொந்தமெல்லாம் இல்லை சார். எம்டன் ஜெர்மனியில் ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரை வைத்த கப்பல் ஒன்று 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் மெட்ராஸுக்கு வந்தது. அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ஆனால் நூறு வருஷம் கழிந்தும் நம் வாயை விட்டுப் போகவில்லை.

பெரிய கப்பலா என்றால் அதுவும் இல்லை. சுமார் 3,600 டன், பத்து பீரங்கி. கடற்படைக் கணக்கில் இது லைட் குரூசர், அதாவது அண்ணன்மார் நடுவே கடைக்குட்டி. சீனாவில் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த ஜெர்மன் படையைச் சேர்ந்தது. யுத்தம் ஆரம்பித்ததும் அட்மிரல் கிராஃப் ஷ்பே மற்ற கப்பல்களோடு தென் அமெரிக்கா பக்கம் போக, எம்டன் மட்டும் தனியாக நம்ம பக்கம் திரும்பியது. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர்.

முல்லர் செய்த முதல் வேலை வேஷம் கட்டியது. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நட்டு, தூரத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி ஆக்கிவிட்டார். செப்டம்பர் 10-ம் தேதி வங்காள விரிகுடாவில் ‘இண்டஸ்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் மாட்டியது. உள்ளே பார்த்தால் கட்டுக் கட்டாகச் சோப்பு! எம்டனில் சோப்பு தீர்ந்துபோகிற நிலைமை. யுத்தம் நடத்த வந்தவனுக்குக் குளிக்கவும் கவலை இருக்குமில்லையா?

அப்புறம்தான் மெட்ராஸ். சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள் பற்றிக்கொள்ள, சுமார் மூணரை லட்சம் காலன் மண்ணெண்ணெய் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற ‘சுப்ரா’ கப்பலிலும் குண்டு விழுந்து உயிர்ச்சேதம். ஹைகோர்ட் மதிலில் விழுந்ததற்கு அங்கே கல்வெட்டே இருக்கிறது. மறுநாள் முதல் ஊரே மூட்டை கட்டியது.

பி.காம். படித்த புத்தி, சேதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைக்காரன் சாம்ராஜ்யத்துக்கு அந்த எண்ணெய் பெரிய நஷ்டமில்லை. ‘இவனை யாரும் தொட முடியாது’ என்று ஜனங்கள் வைத்திருந்த நம்பிக்கை இருக்கிறதே, வியாபாரத்தில் குட்வில் என்பார்களே, அதில்தான் ஓட்டை. முல்லர் குறி வைத்ததும் அதைத்தான்.

பிறகு எம்டன் இலங்கையைச் சுற்றிக்கொண்டு நம்ம குமரிக்குத் தெற்காகவே போய், நேர் மேற்கே மினிக்காய் தீவுப் பக்கம் வரிசையாகக் கப்பல் பிடித்தது. பிடித்த கப்பலில் இருந்தவர்களைப் பத்திரமாக வேறு கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் மூழ்கடிப்பார் முல்லர். பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பல், ஒரு பிரெஞ்சுக் கப்பல் காலி. கடைசியில் நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ வந்து அடித்த அடியில் 130 பேருக்கு மேல் செத்துப்போக, கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார்கள். மிச்சமிருந்த இரும்பை 1950-களில் ஜப்பான் கம்பெனி ஒன்று உடைத்து எடுத்துக்கொண்டு போனது.

பிழைத்தவர்கள் தங்கள் பெயரோடு ‘எம்டன்’ என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் அனுமதி கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கும் அதே பெயர் தொடரும். அங்கே குண்டடிபட்டு வாங்கிய பட்டத்தைத்தான் இங்கே மேனேஜருக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவும் சொன்னால் நம்மூர் அண்ணாச்சிமார் விடமாட்டார்கள். ‘எல்லாம் சரிவே, எம்டன்ல நம்ம செண்பகராமன் பிள்ளை இருந்தாரே, அத ஏன் விட்டீரு?’ என்பார்கள். மெட்ராஸில் எங்கே குண்டு போட வேண்டும் என்று கை நீட்டிக் காட்டியதே அவர்தானாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் 1891-ல் திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன், 1914-ல் இருந்தது ஐரோப்பாவில். ஜூரிச்சில் இந்திய விடுதலைக்குக் கமிட்டி வைத்து நடத்திக்கொண்டிருந்தார். யுத்தம் தொடங்கிய பிறகு பெர்லினுக்குப் போனார். எம்டனோ சீனாவிலிருந்து கிளம்பி இங்கே வந்தது. நடுவே கடல் பூராவும் பிரிட்டிஷ் கப்பல். பிள்ளைவாள் எந்தத் துறைமுகத்தில் ஏறியிருப்பார்?

‘அப்போ அவரு பெருமை போச்சா?’ என்று கேட்காதீர்கள். நடந்த கதை இதைவிடப் பெரிசு. 1934-ல் அவர் பெர்லினில் இறந்தார். சுதந்திர இந்தியாவின் போர்க்கப்பலில் ஊர் திரும்ப வேண்டும், முடியாவிட்டால் அஸ்தியைக் கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் தூவ வேண்டும் என்பது அவர் ஆசை. மனைவி லட்சுமிபாய் அந்த அஸ்தியை முப்பது வருஷத்துக்கு மேல் வைத்துக் காத்தார். 1966-ல் ‘ஐ.என்.எஸ். டெல்லி’ அதைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது.

அந்த டெல்லி யார் தெரியுமா? பழைய ‘அக்கிலீஸ்’. 1939-ல் தென் அமெரிக்கா பக்கம் ஒரு ஜெர்மன் கப்பலை எதிர்த்து நின்ற மூன்று கப்பல்களில் ஒன்று. அந்த ஜெர்மன் கப்பலின் பெயர் ‘அட்மிரல் கிராஃப் ஷ்பே’. ஆமாம், 1914-ல் எம்டனைத் தனியாக அனுப்பிவைத்தாரே, அதே அட்மிரல் பெயர்தான். அந்த வருஷம் டிசம்பரில் பாக்லாந்து தீவருகே அவரும், இரண்டு மகன்களும் கப்பல்களோடு மூழ்கிப்போனார்கள்.

செண்பகராமன் எம்டனில் ஏறவே இல்லை. ஏற ஆசைப்பட்ட கப்பல் வேறு. அதற்காக ஒரு பெண்பிள்ளை முப்பத்திரண்டு வருஷம் ஒரு சாம்பல் கலசத்தோடு காத்திருந்தாள். இனி யாராவது ‘எம்டன்’ என்றால், ஆபீஸில் மேனேஜரைப் பற்றிப் பேசி முடித்தபின் லட்சுமிபாய் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கள் மக்கா.