பச்சை வாரும் பழித்த நாவும்

பாயான் லெப்பாஸ் வானூர்தி நிலையத்தில் வந்திறங்கும் மேலைநாட்டார் இடையில் தோற்பையைக் கண்டால், 'புது நாகரிகம்' என வியக்கும் தமிழிளைஞர் உளர். அதே பினாங்கில், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சூழ்ந்த தெருக்களில் நாணயமாற்று நடத்திய தமிழ் முஸ்லிம் வணிகரின் அகன்ற பச்சை வாரையோ அவர்கள் எள்ளி நகையாடுகின்றனர். என்னே பேதைமை!

கைலிக்குப் பை இல்லை. ஆகவே, உடையை இறுக்கவும் பணத்தைக் காக்கவும் அறைகள் தைத்த அந்த வார் ஒன்றே உதவிற்று. வேட்டி மடியின் வேலையை அது ஏற்றது.

"பழமை பேசினால் வயிறு நிறையுமா?" என்பார் சிலர். ரசியரைப் பார்க்கட்டும். 1325 முதல் 1340 வரை மாஸ்கோவை ஆண்ட முதலாம் இவானின் சிறப்புப் பெயர் 'கலித்தா'. பணப்பை என்பதே அதன் பொருள். மரபுடையைத் தழுவி இடைத்தோற்பை தைக்கும் கைவினைஞர் அங்கு இன்றும் பிழைக்கின்றனர். பழமை அவர்க்குச் சோறிடவில்லையா?

'மடியில் கனமிருந்தால் வழியில் பயம்' என்று கற்பிக்கும் ஆசிரியர், மடியையும் வாரையும் மாணவர்க்குக் காட்ட வேண்டாவா? பழமொழி கரும்பலகையில் வாழ, பொருள் குப்பையில் கிடப்பதா கல்வி? அணிந்த முதியோர் மறையுமுன், அவ்வாரைத் தைத்த வகையும் அதன் உறுப்புகளின் பெயர்களும் ஏட்டில் ஏறட்டும். தன் இடையில் இருந்ததை இழந்தபின் பிறர் இடையை வியப்பது நாகரிகமன்று, வறுமை.