அரைக் கிலோ கேக்கும் பதினாலு பாத்திரமும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேக் செய்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் 'அவன்' கிடையாது. (நான் இருக்கேன், கேக் சுடுற 'அவன்'தான் இல்லை. சரி சரி, முறைக்காதீங்க, இத்தோடு நிறுத்திக்கிறேன்.)

கைப்பிடி உடைந்து பரணில் கிடந்த பழைய குக்கர்தான் நம்ம பேக்கரி. அடியில் ரெண்டு கை கல்லுப்பு, அதுக்கு மேல் ஒரு ஸ்டாண்டு. மூடியில் இருந்த கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றியாச்சு. பத்து நிமிஷம் காயவைத்து, மாவு ஊற்றின பாத்திரத்தை உள்ளே இறக்கி, அடுப்பைச் சிம்மில் வைத்தால் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்க்கணும். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். கடைக் கேக் மாதிரி மேலே சிவக்காது, கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருக்கும். ஆச்சி பார்த்துவிட்டு "என்ன இது, பெரிய இட்லியா?" என்று கேட்டாள். பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த முக்கால் மணி நேரம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டுச் சமையலில் எல்லாமே கண்ணளவு, கையளவு. உப்பு எவ்வளவு என்று கேட்டால் "போடும்போது தெரியும்" என்பாள் அம்மா. கேக்கில் இந்தக் கதையெல்லாம் நடக்காது. 200 கிராம் மைதா என்றால் 200 கிராம்தான். மைதாவில் ஈரம் சேர்ந்த பிறகு ரொம்ப நேரம் அடித்தால் குளூட்டன் இறுகி, கேக்கு ரப்பர் செருப்பாகிவிடும். பேக்கிங் பவுடரில் அமிலமும் சோடாவும் காய்ந்த நிலையில் சும்மா கிடக்கும். ஈரமும் சூடும் பட்டதும்தான் கார்பன்டை ஆக்சைடு கிளம்பி மாவைத் தூக்கும். பேலன்ஸ் ஷீட் ரெண்டு பக்கமும் டேலி ஆகும்போது எங்களுக்கு ஒரு சந்தோஷம் வருமே, குக்கர் மூடியின் ஓட்டை வழியாக வெண்ணெய் வாசனை வரும்போதும் அதே சந்தோஷம்தான்.

அன்றைக்கு வீடே கொண்டாடியது. அப்பா பக்கத்து வீட்டுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினார். அத்தை போன் போட்டு "பையன் கேக்கெல்லாம் செய்றானாமே! வரப்போறவ கொடுத்து வச்சவதான்" என்றாள். போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். ராத்திரி ராஜா மாதிரி தூங்கினேன்.

மறுநாள் காலை தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனால், கழுவின பாத்திரக் கூடை நிறைந்து வழிகிறது. ரெண்டு கிண்ணம், சல்லடை, மிக்ஸி ஜார், அதன் மூடி, அளவு கப், முட்டை அடித்த கரண்டி, கேக் பாத்திரம், குக்கர், ஸ்டாண்டு.. எண்ணிப் பார்த்தேன். பதினாலு. ஒரு கேக்குக்கு. அத்தனையையும் ராத்திரி பத்து மணிக்கு மேல் அம்மா கழுவியிருக்கிறாள். அதே நாளில் காலையில் இட்லி சாம்பார், மதியம் மீன் குழம்பும் ரசமும், ராத்திரி தோசை, அதுக்கு ஒரு சட்னி. அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை. அத்தையும் போன் போடவில்லை.

இதில் இன்னொரு கூத்து. கேக் எவ்வளவு மலிவு என்று பெருமையடிக்க நான் காஸ்ட் ஷீட் வேறு போட்டிருந்தேன். (பி.காம் படித்தால் இந்த வியாதி வரும்.) மைதா 12 ரூபாய், சர்க்கரை 7, வெண்ணெய் 60, மூன்று முட்டை 21, எசன்ஸ், பேக்கிங் பவுடர், கேஸ் எல்லாம் சேர்த்து உத்தேசமாக 10. ஆக மொத்தம் 110 ரூபாய். கூலி என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும். என் உழைப்புக்கு நான் கூலி போடவில்லை, அது என் இஷ்டம். ஆனால் அம்மாவின் உழைப்பும் அந்தக் கோட்டுக்குள்தானே ஒளிந்திருந்தது!

இது எங்கள் வீட்டுக் கணக்கில் மட்டும் உள்ள ஓட்டை இல்லை. ஆர்தர் பிகூ என்ற பொருளாதார அறிஞர் 1920-ல் எழுதிய நூலிலேயே இதைச் சொல்லிவிட்டார். ஒருவன் தன் வீட்டு வேலைக்காரியையோ சமையல்காரியையோ கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். வேலை அதேதான், செய்கிற ஆளும் அதே ஆள்தான், சம்பளம் மட்டும் நின்றுவிட்டதால் கணக்கில் இருந்து காணாமல் போகிறது. நூறு வருஷம் தாண்டியும் ஜி.டி.பி கணக்கில் அம்மாவின் மீன் குழம்புக்கு இடமில்லை. பேக்கரி கேக்குக்கு உண்டு.

2019-ல் மத்திய அரசு நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதில் செலவிட்டது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். பரவாயில்லையே என்று நினைக்க வேண்டாம். அந்த 97, வேலை செய்த ஆண்களை மட்டும் வைத்து எடுத்த சராசரி. அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. அஞ்சு வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிஷம் மிச்சமாகியிருக்கிறது!

"அம்மாவுக்குச் சமைக்கிறதுன்னா உயிருடா" என்று நண்பன் ஒருத்தன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சந்தேகத்துக்கு அம்மாவிடமே கேட்டேன், "ஏம்மா, உனக்குச் சமைக்கப் பிடிக்குமா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், "பிடிச்சா செய்யறதுக்கு இது என்ன கேக்காலே?"

விஷயம் இதுதான். நான் கேக் செய்கிறது சந்தோஷமாக இருக்கக் காரணம், செய்யாவிட்டால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்பதுதான். தோன்றினால் செய்வேன், பரீட்சை வந்தால் விட்டுவிடுவேன், கருகினால் சிரித்துக்கொள்வேன். அம்மாவுக்கு இந்த மூன்றும் கிடையாது. தலைவலி என்றாலும் ராத்திரிக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்கணும். வீட்டில் பேக்கிங் செய்கிற சுகம் பற்றி ஆயிரம் பேசலாம், எனக்கும் அது பொய்யில்லை. ஆனால் என் பொழுதுபோக்கு இன்னொருத்தருக்குக் கூடுதல் வேலையாக முடிகிறது என்றால், அது பாதி சுகம்தான். மீதிக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள்.

அதுக்காக கேக்கை விடச் சொல்கிறேனா? மாட்டேன். என் கட்சி சிம்பிள். மாவை எடை போடுவதில் ஆரம்பித்து அடுப்பு மேடையைத் துடைப்பது வரைக்கும் சேர்ந்ததுதான் பேக்கிங். பாத்திரம் கழுவாதவன் கேக் செய்தேன் என்று சொல்லக்கூடாது, கேக் செய்ய உதவினேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். முடிந்தால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் நல்லது. தோசை ஊற்ற யூனிவர்சிட்டி ரேங்க் தேவையில்லை.

இந்த ஞாயிறு மறுபடி செய்தேன். சாயங்காலம் நாலு மணிக்கே "அம்மா, ராத்திரி வரைக்கும் அடுப்படி என்னோடது" என்று சொல்லிவிட்டேன். அவள் ரெண்டு தடவை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை டீயை எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். அங்கே இருந்தே "ரெண்டு ஏலக்காய் தட்டிப் போடுலே" என்று சத்தம். போட்டேன். வெந்து இறக்கினதும், ஆறுகிற வரைக்கும் பொறுக்காமல் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "போன தடவைய விட இது தேவல. ஒரு சிட்டிகை உப்பு சேத்திருக்கலாம்" என்றாள்.

உப்பு எவ்வளவும்மா என்று கேட்டேன். வழக்கமான பதில்தான் வந்தது.

பி.கு: குக்கர் அடியில் போட்ட கல்லுப்பைக் கொட்டிவிடாதீர்கள். ஆறினதும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த கேக்குக்கு ஆகும். குக்கரிலேயே விட்டாலும் தப்பு, அலுமினியத்தை உப்பு அரித்துவிடும். அப்புறம் அந்த டப்பா மேல் மறக்காமல் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டு ரசத்துக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம்.