கசடும் கடற்காற்றும்

இரும்புத்தொழில் தமிழனுக்கு நேற்று வந்ததன்று. சிவகளையிற் கிடைத்த இரும்பு ஏறத்தாழ 5,300 ஆண்டுப் பழமையுடையது என்று தமிழ்நாட்டரசு 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அறிவித்தது. குறுந்தொகைப் புலவருள் ஒருவர் பெயர் மதுரைப் பெருங்கொல்லன். பெயரிலேயே உலைக்களத்தைத் தாங்கியவர் பாப் புனைந்த நாடு இது. இன்றோ, அவ்வுலைக்களத்தின் வழித்தோன்றல், தன் கைக்கருவியின்மேல் எழுதியிருப்பதைப் படிக்கவியலாது நிற்கின்றான்.

புதுவையின் வடவெல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்துப் பற்றவைப்புப் பட்டறைகளைக் காண்க. கிழக்கே கடல், வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். அங்கே உப்பை விளைவிக்கும் காற்றே இங்கே இரும்பை அரிக்கின்றது. கதவுக் கீலோ, சாளரக் கொண்டியோ, படகுப்பொறித் தாங்கியோ, பற்றவைத்த அளவில் வேலை முடிந்துவிடுவதில்லை, பாதியே முடிகின்றது. பற்றவைப்புக் கோலின் மேற்பூச்சு உருகி ஒட்டின்மேல் இறுகிய கசட்டைக் கூர்ச்சுத்தியலால் தட்டி நீக்கல் வேண்டும். சுற்றிலும் தெறித்து ஒட்டிய மணிகளைச் சீவல் வேண்டும். அரத்தாற் பிசிறு களைந்து, உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, அன்றே செந்நிற அடிப்பூச்சுப் பூசல் வேண்டும். மறுநாளைக்கு விட்டால் ஓரிரவிலேயே துரு பூக்கும். எஞ்சிய கசடு ஈரத்தை உறிஞ்சிப் பூச்சைத் தூக்கிவிடும். இரும்பைத் தேய்த்த கம்பித் தேய்ப்பானாலேயே துருவேறா எஃகையும் தேய்த்தால், அதில் ஒட்டிய இரும்புத் துகள் துருவேறாததையும் துருவேற்றிவிடும்.

கசடு, பிசிறு, அரம், துரு, உப்புத்தாள் – இவை யாவும் நந்தமிழ்ச் சொற்களே. ஆயினும், ‘ஸ்லாக்’ என்றும் ‘பர்’ என்றும் ‘கிரைண்டிங்’ என்றுமே பட்டறையில் ஒலிக்கின்றன. சொல் இல்லாமையாலா? இல்லை! பொறி விற்பவனும் தொழில் கற்பிப்பவனும் தமிழிற் சொல்லாமையால்!

இது வெறுஞ் சொல்வழக்கு என்று எண்ணற்க. இதில் உயிரே அடங்கியுள்ளது. கையாற் பிடித்துத் தேய்க்கும் சிறு சாணைப்பொறி மணித்துளிக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழலும். அதற்குரிய 100 மி.மீ. தட்டு அவ்விரைவைத் தாங்கும். 180 மி.மீ. தட்டு தாங்குவதோ 8,500 சுற்றே. வேலை விரைந்து முடியுமென்று காப்புறையைக் கழற்றிவிட்டுப் பெரிய தட்டை மாட்டுவாரும் உளர். தட்டு உடைந்தால் அதன் சில்லு நொடிக்கு 100 மீட்டர் விரைவிற் பாயும். முகத்திற் பட்டாற் கண் போகும், கழுத்திற் பட்டால் உயிரே போகும். தட்டின் மேலேயே அவ்வரம்பு அச்சிடப்பட்டுள்ளது, ஆனால் ஆங்கிலத்தில்! எண் இளைஞனுக்குத் தெரிகின்றது. அஃது எதன் எண் என்பதுதான் தெரியவில்லை.

பொதிந்து விற்கும் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு இந்திய அரசு நெறிகள், உறைமேல் அறிவிக்க வேண்டுவனவற்றை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அறிவிக்கச் சொல்கின்றன. பிற மொழியைக் கூடுதலாக எழுதத் தடையில்லையாம்! தமிழ்நாட்டிற் பொருளை விற்றுத் தமிழன் பணத்தைப் பெறுவோர்க்குத் தமிழ் மட்டும் விருப்பம்போற் சேர்க்கும் ஒன்றாயிற்று.

இளைஞன் ஆங்கிலம் கற்றாலென்ன என்பர் சிலர். கற்கட்டும், எவரும் தடுக்கவில்லை. ஆனால், கற்று முடிக்கும்வரை அவன் கண்ணைக் காப்பார் யார்?

நம்மவர் பிழையும் இதில் உண்டு. 1916இல் தோன்றிய தனித்தமிழ் இயக்கம் ஏட்டை வென்றது, மேடையை வென்றது, பட்டறைப் படியை இன்னும் முழுதாக மிதிக்கவில்லை. புலவர்கள் அறையிலிருந்து சொல்லாக்கும் நேரத்திற் பாதியைப் பட்டறையில் கழித்தால், ஆக்க வேண்டாத சொற்களே அங்குப் பல கிடைக்கும்.

எனவே, பொறியின்மேலும் சாணைத்தட்டின்மேலும் ஏதம் காக்கும் குறிப்புகள் தமிழிலும் இருத்தல் வேண்டுமென்று அரசைக் கேளுங்கள். அதுவரை, அருகிலுள்ள பட்டறைக்குச் சென்று, அவ்வெண்களின் பொருளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு தாள், ஓர் எழுதுகோல், ஒரு மாலைப்பொழுது போதும்.

கசட்டை மூடிப் பூசிய பூச்சு கடற்காற்றில் நில்லாது. தட்டி நீக்குவோம், தமிழரே!