காற்றுப் பையை எடுத்துவிட்டு ஸ்பிரிங் போடலாமா?



பாரிட் புந்தாரிலிருந்து கோலாலம்பூருக்கு எக்ஸ்பிரஸ் பேருந்தில் போய்வந்தவர்களுக்குத் தெரியும்: சாலை மேடுபள்ளமாக இருந்தாலும் உள்ளே குலுக்கல் குறைவு. அப்படிப்பட்ட பேருந்துகள் பல, இரும்புப் பட்டை ஸ்பிரிங்கின் மேல் அல்ல, காற்றடைத்த ரப்பர்ப் பைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அதே ஏற்பாடு சில விலை உயர்ந்த கார்களிலும் உண்டு. அதைப்பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

விலை உயர்ந்த காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்று பட்டணத்தில் நல்ல வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், பழைய மெர்சிடிஸ் பென்ஸ் ஒன்றைச் சின்னக் காரின் விலைக்கு வாங்கிவந்து வாசலில் நிறுத்துகிறார்கள். அப்பா அம்மாவை அதில் உட்காரவைத்துக் கோயிலுக்கு அழைத்துப் போகவேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். ஆனால் ஒருநாள் காலையில் பார்த்தால், காரின் ஒரு மூலை தரையோடு படுத்துக் கிடக்கும். பட்டறையில் கேட்டால் ஆயிரக்கணக்கில் வெள்ளி சொல்வார்கள். யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதைதான். அப்போதுதான், "காற்றுப் பையைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் அப்சோர்பர் போட்டுவிடலாமா?" என்ற கேள்வி எழுகிறது.

போடலாம். ஆனால் முறையாகப் போடவேண்டும். அரைகுறையாகச் செய்தால் காசும் போகும், ஆபத்தும் வரும்.

இது இன்று நேற்றுக் கதையல்ல. அமெரிக்காவில் 1957-இல் காடிலாக் நிறுவனம் எல்டோராடோ புரோகம் என்ற காரைக் காற்றுப் பைகளோடு விற்றது. அன்றைய பெரும் பணக்காரர்கள் வாங்கிய கார் அது. காற்றுக் கசிவு ஓயாததால், அவர்களிலேயே பலர் பையைக் கழற்றிவிட்டு இரும்புச் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். ஆகவே மாற்றுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பை ஏன் கெடுகிறது? பால் வெட்டிய கைகளுக்கு ரப்பரின் குணத்தை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நூல் இழை வைத்துச் செய்த ரப்பர்தான் அந்தப் பை. வெயில், மணல், நாள்பட்ட மடிப்பு இவற்றால் அது வெடிப்பு விடும். வெடிப்பில் காற்றுக் கசியும். கசிந்த காற்றை ஈடுசெய்யக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கடைசியில் அதுவும் கருகும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

கார் படுத்துவிட்டது என்பதற்காக உடனே எல்லாவற்றையும் மாற்றவேண்டாம். சோப்பு நுரையைக் காற்றுக் குழாயின் இணைப்புகளிலும் பையின் மடிப்பிலும் தடவிப் பார்த்தால், கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். சில வேளை ஒரு சிறிய ரப்பர் வளையமோ, கம்ப்ரஸரின் ரிலேயோதான் காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்தாலே போதும். கார் படுத்த நிலையில் மட்டும் ஓட்டாதீர்கள். டயர் மட்கார்டில் உரசிக் கிழியும்.

சரியான சாமானை வாங்குங்கள்

எல்லாப் பென்ஸும் ஒன்றல்ல. 2000-ஆம் ஆண்டுகளில் வந்த டபிள்யூ 211 என்ற ஈ வகைக் காரைச் சாதாரண ஸ்பிரிங்கோடும் கம்பெனியே விற்றது. ஆகவே அதற்குப் பொருத்தமான கம்பெனி ஸ்பிரிங் கிடைக்கும். 1998-இல் அறிமுகமான டபிள்யூ 220 என்ற எஸ் வகைக் கார் அப்படியல்ல. அது காற்றுப் பையோடு வந்தது. சிலவற்றில் காற்றுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வேறு ஏற்பாடு உண்டு. அதற்கு வெளிக் கம்பெனிகள் செய்யும் மாற்றுச் சாமானைத்தான் வாங்கவேண்டும். எனவே காரின் மாடல், இன்ஜின், நான்கு சக்கரமும் இழுக்கும் வகையா என்பதையெல்லாம் சொல்லி வாங்குங்கள். வேறு காரின் ஸ்பிரிங்கைப் பழைய சாமான் கடையில் எடுத்து, அறுத்துப் பொருத்துவது கூடவே கூடாது.

ஒரு மூலைக்கு மட்டும் ஸ்பிரிங் போட்டு மற்ற மூன்றில் காற்றை வைத்திருப்பதும் தவறு. கார் ஒரு பக்கம் சாயும். பிரேக் பிடிக்கும்போது இழுக்கும். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

உயிர் போகும் இடம்

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். வீட்டு வாசலிலேயே இந்த வேலையைச் செய்யத் துணியும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன்.

ஜாக்கி என்பது தூக்கும் கருவி, தாங்கும் கருவியல்ல. தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் காரை இறக்கி, அசைத்துப் பார்த்து, உறுதியானால்தான் கையை உள்ளே விடவேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் திடீரென்று பிளக்கும், அவற்றை நம்பாதீர்கள். கிரியான் வட்டாரத்து மண் ஈர மண். மழைக்குப் பிறகு ஜாக்கி அதில் புதையும். சமமான சிமெண்டுத் தரையில் மட்டும் வேலை செய்யுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

காற்றுப் பைக் காருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கதவைத் திறந்தாலே அதன் மின்மூளை விழித்துக்கொண்டு காரை ஏற்றவோ இறக்கவோ முயலலாம். சாவியைத் தூர வைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே தொடுங்கள். காற்றுக் குழாயில் இருக்கும் அழுத்தம் டயரில் இருப்பதைப்போல் பல மடங்கு. கண்ணாடி அணிந்து, இணைப்பை மெல்லத் தளர்த்தி, காற்று முழுவதும் வெளியேறிய பின்னரே பையைக் கழற்றவேண்டும்.

புது ஸ்பிரிங்கிலும் எமன் ஒளிந்திருக்கிறான். அப்சோர்பரின் உச்சியில் இருக்கும் நடு நட்டைக் கழற்றினால், அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங் குண்டுபோல் பாயும். தகுந்த அழுத்தும் கருவி இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. கம்பெனியிலேயே முழுதாகப் பூட்டி வரும் ஜோடியை வாங்குவது நல்லது.

பூட்டும்போது பிரேக் கேலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடாதீர்கள். கம்பியால் கட்டி வையுங்கள். நட்டுகளைக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு முறுக்கவேண்டும். இல்லையேல் புஷ் சீக்கிரம் கிழியும்.

பூட்டிய பிறகு

வேலை முடிந்ததும் சக்கர அலைன்மெண்ட் பார்க்கவேண்டும். காரின் உயரம் மாறியிருப்பதால் முன்விளக்கின் வெளிச்சத்தையும் சரிசெய்யவேண்டும். உயரத்தை அளக்கும் சென்சார்களைக் கழற்றி எறியாதீர்கள். பல கார்களில் விளக்கைத் தாழ்த்தி உயர்த்துவதும் அவைதாம்.

டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், டேப் ஒட்டி மறைப்பது நம்மை நாமே ஏமாற்றுவது. நாளைக்கு வேறு கோளாறு வந்தால் எப்படித் தெரியும்? அதற்குரிய சிறு மின்கருவியைப் பொருத்தியோ, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் போமனைக் கொண்டோ முறையாக அணையுங்கள்.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளும் நம் நாட்டில் வண்டியின் அமைப்பைக் கட்டுப்படுத்துகின்றன. வேலை தொடங்கும் முன்பே ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரியப்படுத்துங்கள். விபத்துக்குப் பிறகு வாதாடுவதைவிட முன்னால் கேட்பது சுலபம்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் போட்ட பிறகு அந்தப் பழைய மெத்தைச் சுகம் முழுதாக இராது. தீபாவளிக்கு ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் பின்பக்கம் சற்றுத் தாழும். காற்றுப் பைபோல் தானே எழும்பாது. அதற்கேற்பச் சுமையைக் குறைத்து, நிதானமாக ஓட்டவேண்டும்.

பூட்டிய மறுநாளே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்படாதீர்கள். மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய வளைவும் இறக்கமும் புது வேலையைச் சோதித்துப் பார்க்கும் இடமல்ல. முதலில் ஊருக்குள்ளேயே தனியாக, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் கேட்கிறதா, பிரேக் இழுக்கிறதா என்று கவனியுங்கள். ஓரிரு வாரத்தில் நட்டுகளையும் அலைன்மெண்டையும் மறுபடி பாருங்கள்.

பெற்றோர்களே, வாசலில் மகன் காருக்கு அடியில் படுத்து வேலை செய்தால், "ஸ்டாண்டு வைத்தாயா, தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்கு இன்ஜின் தெரியவேண்டியதில்லை. அந்த ஒரு கேள்வி போதும்.