பழக்கமும் அமலும்

 

2012இல் தொடங்கப்பட்ட லடாக் மாரத்தான் செப்டம்பர் மாதத்தில் லேஹ் நகரில் நடைபெறுகிறது. சிந்து நதிப் பள்ளத்தாக்கின் எழில் சூழ 42.195 கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்நகரமோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைவு. ஆதலால் சமவெளியிலிருந்து செல்வோர் பல நாள்கள் முன்னரே சென்று தங்கி, உடலைப் பழக்கிக்கொள்கின்றனர். வந்திறங்கிய மறுநாளே ஓட முற்பட்டால் வலிமை மிக்கவரும் தலைவலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் ஆளாகக்கூடும்.

நம் மஹல்லாக்களைப் பார்ப்போம். ரமலானின் முதல் இரவில் பள்ளிவாசல் நிரம்பி வழிகிறது; பத்து நாள்கள் கழிந்ததும் ஸஃபுகள் குறைகின்றன. உடனே இளைஞர்களின் ஈமானைக் குறைகூறுகிறோம். பதினோரு மாதங்கள் பழக்காத உடலையும் உள்ளத்தையும் ஒரே இரவில் நீண்ட தொழுகைக்கு அழைத்தது நாமல்லவா?

குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ரமலானுக்கு முந்திய ஷஅபானிலேயே அவர்கள் அதிகம் நோன்பு நோற்றார்கள்.

எனவே கடிந்துரைப்பதை விடுத்துப் பழக்குவோம். இஷாவுக்குப் பின் இரண்டு ரக்அத், ஃபஜ்ருக்குப் பின் அரைப்பக்கம் குர்ஆன். இதனை நம் பிள்ளைகளோடு இன்றே தொடங்குவோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் நிலைத்தன்மையை அருள்வானாக. ஆமீன்.