பல்கலைக்கழக வாயிலில் ஓர் அறை

கல்லூரி அன்னை தன் விழாக் காணும் இவ்வேளையில், அவள் மடியில் வளர்ந்த மக்கள் பல திசைகளிலுமிருந்து ஒருங்கு கூடி மகிழ்வது இயல்பே. மண்டபம் எழுப்புவோம் என்பார் சிலர். முகப்பு வளைவு அமைப்போம் என்பார் சிலர். அவையனைத்தும் நன்றே. ஆயினும், சப்ரகமுவத் தோட்டங்களிலே பிறந்து, இக்கல்லூரியின் விடுதிச் சோற்றை உண்டு வளர்ந்த பழைய மாணவராகிய நாம், இம்மலரின் வாயிலாகச் சிறு விண்ணப்பம் ஒன்றை முன்வைக்க விரும்புகின்றோம். அது மண்டபத்தைப் பற்றியதன்று. ஓர் அறையைப் பற்றியது. பல்கலைக்கழகத்தின் அயலிலே நால்வரோ ஐவரோ கூடி வாடகைக்கு எடுத்துத் தங்குகின்றார்களே, அந்தச் சிறிய அறையைப் பற்றியது.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதன் முதல் உபவேந்தராகிய சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்கள் மாணவர் யாவரும் ஒருங்கு உறைந்து கற்கும் கழகமாகவே அதனைக் காண விழைந்தார். 1952 இல் பேராதனையிலே அக்கனவு உருப்பெற்றது. இராமநாதன் மண்டபம், அருணாசலம் மண்டபம் என நம் பெரியார் இருவரின் பெயர் தாங்கிய விடுதிகளும் அங்கே எழுந்தன. நூலகத்திற் பெறுவது பாதிக் கல்வி, உடனுறைவோரிடம் பெறுவது மறுபாதி என்பதே அவ்வேற்பாட்டின் உட்கருத்து. பின்னர்ச் சுயபாஷைக் கல்வி வளர்ந்து, 1960 களில் மாணவர் தொகை பெருகிற்று; விடுதிகளோ அவ்வேகத்திற் பெருகவில்லை. அன்று தொடங்கியதே வாடகை அறை வாழ்வு. போடிங் என்ற சொல் இன்று ஈழத்து மாணவர் அகராதியில் விரிவுரை, பரீட்சை என்பவற்றோடு ஒக்க வைத்து எண்ணப்படுகின்றது.

நம் மாகாணத்திற்கென ஒரு பல்கலைக்கழகம் 1995 இல் நிறுவப்பட்டு 1996 இல் தொடங்கிற்று. பலாங்கொடையைக் கடந்து பதுளை நோக்கிச் செல்லும் பெருவீதியில், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தே, பெலிஹுல்ஓயாவில் அது அமைந்துள்ளது. கண்ணுக்கு இனிய இடம். எதிரே மலை, கீழே சமனலவெவ நீர்த்தேக்கம். ஆனால் அது நகரமன்று. பம்பஹின்னச் சந்தியைச் சூழ்ந்த கிராமத்து வீடுகளே, பல்கலைக்கழக விடுதிகளில் இடம் பெறாத மாணவர்க்குப் புகலிடம். பொதுவாக முதலாண்டினர்க்கும் இறுதியாண்டினர்க்கும் விடுதியில் முன்னுரிமை கிடைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் அறை தேடி அலைவது மாணவன் பாடு.

இரத்தினபுரி மாவட்டமும் கேகாலை மாவட்டமும் சேர்ந்ததே சப்ரகமுவ மாகாணம். எனினும் எட்டியாந்தோட்டையிலோ தெஹியோவிற்றவிலோ இறப்பர்த் தோட்டமொன்றிற் பிறந்த பிள்ளைக்குப் பெலிஹுல்ஓயா அயலூரன்று. அவிசாவளைக்கு இறங்கி, இரத்தினபுரியைக் கடந்து, பெல்மதுளையும் பலாங்கொடையும் தாண்டி வரவேண்டும். இறக்குவானை, காவத்தைப் பிள்ளைகளுக்குத் தூரம் குறைவே. ஆயினும் தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் வழியையும், மாலை வேளையில் வாராத பேருந்தையும் எண்ணினால், நாள்தோறும் சென்று மீளுதல் அவர்க்கும் இயலாது. ஆகவே அறை என்பது ஆடம்பரமன்று. பல்கலைக்கழக அனுமதியின் மறுபாதி அது.

மாவட்ட அடிப்படையிலான அனுமதி முறையிலே, நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கும், 55 இடம் மாவட்டங்களுக்கும், எஞ்சிய 5 இடம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. அப்பதினாறில் இரத்தினபுரியும் ஒன்று. தோட்டப் பிள்ளைக்கு இது வாயிலைத் திறந்துவிடுகின்றது. ஆனால் வாயிலுக்கு வெளியே எங்கே படுப்பது என்பதற்கு அதில் விடையில்லை.

கணக்கை எளிமையாகப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. தாயொருத்தி மாதத்தில் 25 நாளும் அரைப்பேர் விழாது முழுப்பேர் பெற்றாலும், அவ்வீதப்படி வருவது 33,750 ரூபா. கழிவுகள் போக எஞ்சுவதிலேதான் அரிசியும் மருந்தும் இளைய பிள்ளைகளின் கொப்பியும். மஹபொல புலமைப்பரிசில் 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது பேருதவியே. ஆனால் அப்பணம் அனுமதி கிடைத்த அன்றே கைக்கு வருவதன்று. வீட்டுக்காரரோ முதல் நாளே முற்பணம் கேட்பார். மெத்தைக்கும் அடுப்புக்கும் அன்றே செலவு செய்தாக வேண்டும். மாத வாடகையைப் பட்டினி கிடந்தேனும் கட்டிவிடலாம். பல மாத வாடகையை ஒருமிக்க வைக்கும் அந்த முற்பணமே தோட்டத்துத் தகப்பனின் தலையைக் குனியச் செய்வது. தோட்டுக் கம்மல் அடகுக்குப் போவதும், வட்டிக்கு வாங்குவதும், சில வேளை, "அடுத்த வருசம் பார்ப்போம்" என்று மகன் கொழும்பிலே கடை வேலைக்குப் போவதும் இவ்விடத்திலேதான். அடுத்த வருடம் பெரும்பாலும் வருவதில்லை.

நம்மிற் சிலர் அவ்வறைகளில் வாழ்ந்தவர்கள். ஐவர்க்கு ஒரு கிணறு, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு மேசை. பரீட்சைக் காலத்தில் அம்மேசையை மணிக்கணக்கிற் பங்கிட்டோம். ஹம்பாந்தோட்டைச் சிங்கள நண்பன் ஒருவனும், மட்டக்களப்பு நண்பன் ஒருவனும், தோட்டத்தார் மூவருமாக இருந்தோம். லயக்காம்பராவிலே பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு குடும்பமே வாழப் பழகிய நமக்கு நெருக்கம் புதியதன்று. புதியது என்னவெனில், அந்நியரோடு நெருங்கி வாழ்தல். முதல் மாதத்தில் உப்புக்கும் சண்டை, விளக்கணைப்பதற்கும் சண்டை. ஆண்டு முடிவதற்குள் ஹம்பாந்தோட்டை நண்பன் நம் தாய்மார் அனுப்பிய ரொட்டிக்கும் இடித்த சம்பலுக்கும் காத்திருப்பவனானான். அவன் வாயிலிருந்தே நாம் பிழையில்லாச் சிங்களம் கற்றோம். நம்மிடமிருந்து அவன் தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்றான். ஆங்கில விரிவுரைகளை இரவிலே மூன்று மொழியில் அலசியதனாலேயே நாம் தேறினோம் என்று சொன்னால் மிகையன்று.

இங்கே ஒரு மாற்றுக் கருத்தை நேர்மையோடு எடுத்துக்காட்டுதல் கடமை. "பம்பஹின்னவிலே நிலம் வாங்கி, தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு விடுதி கட்டிவிடுவோம், நம் பிள்ளைகள் நம்மோடு பத்திரமாக இருக்கட்டும்" என்று பழைய மாணவர் சிலர் கூறுகின்றனர். இவ்வெண்ணத்தின் பின்னே நிற்பது வெறும் குறுகிய மனமன்று, அச்சம். 1977 இலும், 1981 ஆகஸ்டிலும், 1983 யூலையிலும் மூண்ட வன்செயல்களை நம் மக்கள் மறக்கவில்லை. 1981 இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் பல தாக்குதலுக்கு இலக்காயின. லயங்களை விட்டோடி வன்னி சென்று குடியேறியோர் எத்தனையோ பேர். அதனைக் கண்ணாற் கண்ட பாட்டி ஒருத்தி, தன் பேர்த்தியைக் கிராமத்து வீடொன்றில் தங்க விட அஞ்சினால், அவளைக் குறை கூற நமக்கு வாயில்லை.

ஆயினும் அவ்விடுதி வேண்டா என்பதே நம் கருத்து. முதற் காரணம், பணம் பற்றியது. கட்டடம் ஒன்று எழுந்தால், கூரை ஒழுகும் நாளிலும் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கும் நாளிலும் அது பணம் கேட்கும். விழாவின் உற்சாகம் ஓர் ஆண்டு. கட்டடத்தின் தேவை நூறாண்டு. இரண்டாவதே பெரிது. வேலி கட்டி வளர்த்த அச்சம் வேலிக்குள்ளேயே பெருகும். அயலானின் அடுப்பங்கரையைக் கண்டவனுக்கே அவன் தன்னைப்போல் ஒருவன் என்பது விளங்கும்.

இன்னுமொன்று கூறுவோம், இம்மலரிலே கூறத் தயங்கினோம், எனினும் உண்மையை மறைத்தல் அன்னைக்கு அழகன்று. தமிழர் மட்டும் வாழும் விடுதி என்றால் அங்கே இழிவு இராது என்று எண்ணுவோர், நாம் இக்கல்லூரி விடுதிக்கு வந்த முதல் தவணையை அறியார். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை நாம் சிங்களவர் வாயிலாகக் கேட்டதில்லை. தமிழ் வாயிலாகவே கேட்டோம். அடுத்த கட்டிலில் கிடந்தவன் அச்சொல்லைச் சொன்னான். காய்ச்சலில் நாம் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து ஊட்டியவனும் அவனே. மூன்றாந் தவணையில் அச்சொல் அவன் நாவிலே இல்லை. எந்த ஆசிரியரின் புத்திமதியும் செய்யாததை அந்தக் கட்டில் வரிசை செய்தது. இக்கல்லூரி நமக்குத் தந்த கல்வியுள் இதனையே தலையாயதெனக் கருதுகின்றோம். இங்கே பெற்ற அப்பாடத்தைப் பெலிஹுல்ஓயாவில் மறுத்துரைக்கலாமா?

ஆகவே நாம் வேண்டுவது கட்டடமன்று, ஒரு முற்பண நிதி. அதன் அமைப்பு எளியது. பழைய மாணவர் சங்கம் ஒரு தொகையைச் சேர்த்து வைப்பிலிடட்டும். சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவனோ மாணவியோ அறை எடுக்கும்போது, அவர் பங்கு முற்பணத்தை அந்நிதி கட்டட்டும். அறையை விட்டு நீங்கும் நாளிலே வீட்டுக்காரர் முற்பணத்தைத் திருப்புவார். அது நிதிக்கே மீளும். அடுத்த பிள்ளைக்குப் போகும். கொடை கொடையாகவே தேய்ந்து போகாமல், ஒரு விளக்கிலிருந்து மறுவிளக்கு ஏற்றுவதுபோல, அதே பணம் ஆண்டுதோறும் வேறு வேறு பிள்ளைகளின் கையில் நடமாடும். வாங்குபவனும் இரவலன் என்ற தாழ்வு கொள்ளான். திருப்பித் தரும் கடமை அவனை நிமிர்ந்து நிற்கச் செய்யும்.

பணத்தோடு ஆளும் வேண்டும். பலாங்கொடையிலும் இரத்தினபுரியிலும் உத்தியோகம் பார்க்கும் நம் பழைய மாணவர், ஆசிரியரோ வணிகரோ எவராயினும், வீட்டுக்காரரைக் கண்டு பேசிப் பொறுப்பு நிற்றல் வேண்டும். வாடகை, மின்சாரக் கட்டணம், முற்பணம் மீளும் நாள் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இரு பகுதியாரும் கையொப்பமிடல் வேண்டும். லயத்துக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தைச் சுற்றி வந்து காலம் தாழ்த்துவது நாம் அறிந்ததே. அனுமதிக் கடிதமும் அவ்வாறு தவறாதிருக்க, அவ்வன்பர் தம் முகவரியைப் பிள்ளைக்கு இரவல் கொடுத்தாலும் அது ஒரு பேரறம். பகிடிவதையைப் பற்றியும் அவர் கண் விழித்திருத்தல் வேண்டும். 1997 இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவனின் உயிரை அக்கொடுமை குடித்தது. 1998 இல் அதனைத் தடுக்கும் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலிருக்க, இரவிலே அறைக் கதவு தட்டப்படும்போது யாரை அழைப்பது என்ற தொலைபேசி எண் ஒன்றே பிள்ளைக்குத் துணை. பாட்டியின் அச்சத்துக்கும் நாம் தரக்கூடிய மறுமொழி அதுவே: மதிலன்று, பெயர் தெரிந்த ஒரு மனிதர்.

மாணவத் தம்பிமாருக்கும் ஒரு சொல். பங்கிட்டு வாழும் அறையில் உங்கள் உரிமையைவிட உங்கள் முறையை நினைவிற் கொள்ளுங்கள்: தண்ணீர் அள்ளும் முறை, சமைக்கும் முறை, கூட்டும் முறை. பிறன் உறங்கும்போது விளக்கைத் தாழ்த்துபவனே படித்தவன். ஆசிரியப் பெருமக்களே, உயர்தரத் தேர்வுக்கு எங்கள் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்யும் நீங்கள், தேர்வு முடிந்த பின் வரும் அந்த இடைக்காலத்திலே அவர்கட்குச் சமைக்கவும், செலவுக் கணக்கு எழுதவும், இரண்டாம் மொழி பேசவும் சிறிது கற்பித்தால், அது பாடத்திட்டத்துக்குப் புறம்பாகாது.

நம் பாட்டன்மார் இம்மலைகளைத் திருத்தினார்கள். தேயிலையும் இறப்பரும் நட்டார்கள். 1948 இற் குடியுரிமையை இழந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளை இன்று அதே மலைச்சாரலில் உள்ள பல்கலைக்கழகத்தின் வாயிலிலே, கையிற் பெட்டியோடு, மாலை மங்கும் வேளையில் அறை தேடி நிற்கின்றான். அவனுக்கு வேண்டியது நான்கில் ஒரு பங்கு அறை. விழா வளைவுக்கென ஒதுக்கிய பணத்திலே ஒரு பகுதியை அதற்குத் திருப்புமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம். வளைவு சற்றுத் தாழ்ந்து நிற்பதனால் அன்னைக்கு யாதொரு குறையும் வாராது.

வாழ்க நம் கல்லூரி.